களைக்கொல்லி எந்த வழியாக நம் பாத்திக்கு வருகிறது?

வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களிடம் எதற்கு இந்தப் பாடு என்று கேட்டால், பலர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "மருந்து அடிக்காத காய் சாப்பிடணும்." நியாயமான ஆசை. எந்த மருந்து என்று கொஞ்சம் தோண்டினால், இப்போதெல்லாம் பூச்சிமருந்தை முந்திக்கொண்டு களைக்கொல்லி வந்து நிற்கிறது. அதிலும் கிளைபோசேட் என்ற ஒரே பெயர். வழக்கு, தடை, புற்றுநோய் என்று பத்து வருடமாக அந்தப் பெயர் செய்தியில் அடிபட்டுக்கொண்டே இருப்பதால் வந்த நிலை இது.

பயம் வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அது பார்க்கும் திசை பல நேரம் தப்பாக இருக்கிறது. தக்காளியையும் கீரையையும் வீட்டில் வளர்ப்பதால் நாம் சாப்பிடும் கிளைபோசேட்டின் அளவு பெரிதாகக் குறைந்துவிடாது. அதே நேரம், யாரும் சந்தேகப்படாத ஒரு மூட்டை எருவோடு வேறொரு களைக்கொல்லி நேராக நம் பாத்தியில் வந்து இறங்கலாம். முதலாவது ஏன் என்று புரிந்தால்தான் இரண்டாவது புரியும். அதனால் கிளைபோசேட்டிலிருந்தே தொடங்கலாம்.

சுவிட்சர்லாந்தில் ஒரு மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்த ஹென்றி மார்ட்டின் என்ற வேதியியலாளர் 1950-இல் இந்தச் சேர்மத்தை உருவாக்கினார். மருந்தாக அது எதற்கும் ஆகவில்லை, கிடப்பில் போய்விட்டது. அமெரிக்காவின் மான்சான்டோ நிறுவனத்தில் இருந்த ஜான் ஃபிரான்ஸ், செடிகளைக் கொல்லும் குணம் அதற்கு இருப்பதை 1970-இல் கண்டுபிடித்தார். 1974-இல் ரவுண்டப் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

அது வேலை செய்யும் விதம் இதுதான். ஃபினைல்அலனின், டைரோசின், டிரிப்டோஃபான் என்ற மூன்று அமினோ அமிலங்களைச் செடிகள் தாமே தயாரித்துக்கொள்கின்றன. அந்தத் தயாரிப்பு நடக்கும் வழிக்கு ஷிகிமேட் பாதை என்று பெயர். அதிலுள்ள ஒரு நொதியைக் கிளைபோசேட் முடக்குகிறது. இலையில் பட்டது சாற்றோடு சேர்ந்து வேர் நுனிவரை இறங்கும். ஒன்றிரண்டு வாரத்தில் செடி மஞ்சளாகிச் சாகும். மனிதருக்கும் விலங்குகளுக்கும் இந்தப் பாதையே கிடையாது, ஆகவே நமக்கு ஆபத்தில்லை என்பது நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்த வாதம். அது பாதி சரி. நம் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் பலவற்றுக்கும், மண்ணில் உள்ள பூஞ்சைகளுக்கும் அந்தப் பாதை உண்டு. அதோடு, ஒரு வேதிப்பொருள் உடலை ஒரே ஒரு வழியில்தான் தொடும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

சரி, இதில் வீட்டுத் தோட்டக்காரருக்கு முக்கியமான செய்தி ஒன்று ஒளிந்திருக்கிறது. கிளைபோசேட் ஆள் பார்க்காது. பச்சையாக இருப்பதையெல்லாம் கொல்லும். தக்காளிச் செடியின் மேல் அடித்தால் தக்காளியும் சாகும். கத்தரி, மிளகாய், அவரை, கீரை, வெள்ளரி எல்லாமே அப்படித்தான். அதனால் வளர்ந்து நிற்கும் காய்கறிப் பயிரின் மேல் எந்த விவசாயியும் அதை அடிப்பதில்லை. நிலத்தை நடவுக்கு முன் சுத்தப்படுத்தவும், மரங்களின் அடியிலும், வரப்பிலும், சில நேரம் மறைப்பு வைத்து வரிசைகளுக்கு இடையிலும் அடிப்பார்கள். காய்கறிப் பயிருக்கென்று வேறு களைக்கொல்லிகள் உண்டு. பெண்டிமெத்தலின், மெட்ரிபூசின் போன்றவை களை முளைக்கும்போதே தடுக்க மண்ணில் தெளிக்கப்படுகின்றன. ஆனால் காய்கறியில் எச்சம் என்று பரிசோதனைகளில் அதிகம் தென்படுபவை பூச்சிக்கொல்லிகளும் பூஞ்சைக்கொல்லிகளும்தான். காய் பழுக்கும் நேரம்வரை அடிக்கப்படுபவை அவை. ஆக, வீட்டில் தக்காளி வளர்க்கிறவர் தப்பிக்கிறார் என்பது உண்மை. அவர் தப்பிப்பது பெரும்பாலும் அவர் பயந்த பொருளிடமிருந்து அல்ல.

பிறகு கிளைபோசேட் நம் தட்டுக்கு எப்படி வருகிறது? இரண்டு பெரிய வழிகள்.

முதல் வழி 1996-இல் திறந்தது. கிளைபோசேட்டைத் தாங்கும்படி மரபணு மாற்றிய சோயா அந்த ஆண்டு அமெரிக்காவில் பயிரானது. அடுத்தடுத்துப் பருத்தி, மக்காச்சோளம், கனோலா என்ற எண்ணெய்வித்து எல்லாம் வந்தன. பயிர் நிற்கும்போதே மேலே அடிக்கலாம், களை மட்டும் சாகும். பயன்பாடு எகிறியது. 2000-இல் அமெரிக்கக் காப்புரிமை முடிந்ததும் பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கின, விலை சரிந்தது, இன்னும் எகிறியது. களைகளும் சும்மா இருக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் ஒரு ரைப்புல் வகை கிளைபோசேட்டுக்கு அடங்காமல் நிற்பது 1996-இலேயே தெரியவந்தது. கீரைக் குடும்பத்தைச் சேர்ந்த பால்மர் அமராந்த் 2005 வாக்கில் அமெரிக்கத் தென்மாநிலப் பருத்தி வயல்களில் அதே வேலையைக் காட்டியது. ஒரே மருந்தை வருடக்கணக்கில் அடித்தால் தாங்குகிற விதைகள்தான் மிஞ்சும். அதற்குப் பதிலாக 2,4-டி, டிகாம்பா போன்ற பழைய களைக்கொல்லிகளைத் தாங்கும் பயிர்கள் கொண்டுவரப்பட்டன. இதன் விளைவு வீட்டுத் தோட்டங்கள்வரை எட்டியது. அதைப் பின்னால் பார்ப்போம்.

இரண்டாவது வழி பலருக்குத் தெரியாதது. இங்கே களை மட்டும் காரணம் இல்லை. குளிரும் ஈரமும் உள்ள இடங்களில் கோதுமை, ஓட்ஸ், பார்லி, பருப்பு வகைகள் ஒரே சீராகக் காய்வதில்லை. வயலின் ஒரு பக்கம் காய்ந்திருக்கும், மறுபக்கம் பச்சையாக நிற்கும். அறுவடை இயந்திரத்துக்கு இது ஆகாது. அதனால் அறுவடைக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பு பயிரின் மேலேயே கிளைபோசேட் அடித்து மொத்தமாகக் காயவைக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் 1980-களில் தொடங்கிய பழக்கம் என்பார்கள். பயிர் கடைசி நாட்களில் சத்துகளைத் தானியத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் நேரம் அது. அடித்த மருந்தும் கூடவே போகிறது. தானியத்துக்கு உள்ளே இருப்பதால் கழுவினால் போகாது. வெப்பத்தையும் தாங்கும் என்பதால் வேகவைத்தும் பெரிதாகக் குறையாது. மேல்தவிட்டில் கூடுதலாகவும் வெள்ளை மாவில் குறைவாகவும் இருக்கும். சத்துக்காக முழுத்தானியம் சாப்பிடுகிறவருக்கு இது ஒரு சங்கடமான செய்திதான்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கிளைபோசேட்டுக்கு 2033 டிசம்பர்வரை அனுமதியைப் புதுப்பித்தபோது, அறுவடை நேரத்தைச் சரிக்கட்டப் பயிரைக் காயவைக்க அடிக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டது. என்னைக் கேட்டால், இந்தச் சர்ச்சை முழுவதிலும் எடுக்கப்பட்ட முடிவுகளில் மிகவும் புத்திசாலித்தனமானது இதுதான். உணவில் எச்சம் சேரும் மிகப் பெரிய வாசலை அது மூடுகிறது. விவசாயிக்கு இதனால் போவது கொஞ்சம் வசதி மட்டுமே. ஆனால் தானியமும் பருப்பும் எல்லை தாண்டிப் பயணம் செய்கிற சரக்கு. ஒரு இடத்தில் தடை இருந்தால் எல்லா மூட்டையும் சுத்தம் என்று ஆகிவிடாது.

எச்சம் இருக்கிறது என்பதும் அது தீங்கு செய்யும் அளவு இருக்கிறது என்பதும் வேறுவேறு. ஒரு சிறு கணக்குப் போடலாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கிளைபோசேட்டுக்கு வைத்திருக்கும் தினசரி வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். வாழ்நாள் முழுக்க அந்த அளவு தினமும் உள்ளே போனாலும் பாதகமில்லை என்று அவர்கள் கருதும் அளவு அது. 60 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம். கோதுமையில் அவர்கள் அனுமதிக்கும் அதிகபட்ச எச்சம் கிலோவுக்கு 10 மில்லிகிராம். வரம்பைத் தொடும் கோதுமையாகவே கிடைத்தாலும், அவர் தினமும் மூன்று கிலோ சாப்பிட்டால்தான் அந்த 30 மில்லிகிராமை எட்டுவார். வழக்கமாகப் பரிசோதனையில் தெரியும் எச்சம் அந்த அதிகபட்சத்தைவிட மிகக் குறைவு.

இந்தக் கணக்கு நிம்மதி தருகிறதா? கொஞ்சம் தருகிறது. ஆனால் அது முழுக்க அந்த 0.5 என்ற எண்ணின் மேல் நிற்கிறது. அந்த எண் சரியா என்பதில்தான் சண்டையே.

2015 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, கிளைபோசேட் "மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாக இருக்க வாய்ப்புண்டு" என்ற 2ஏ பிரிவில் சேர்த்தது. அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்படி இருக்க வாய்ப்புக் குறைவு என்றது. 2016-இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, உணவு வழியாக ஆபத்து வர வாய்ப்பில்லை என்றது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் அதே பக்கம். ஒரே பொருள், ஒரே காலம், எதிரெதிர் முடிவு. பொதுமக்கள் தலையைச் சொறிந்ததில் ஆச்சரியமில்லை.

ஒரு பக்கம் அறிவியல், மறுபக்கம் பொய் என்று இதைப் பிரிப்பது சுலபம், ஆனால் சரியல்ல. இரு தரப்பும் கேட்டுக்கொண்ட கேள்விகளே வேறு. பொருளுக்குப் புற்றுநோயை உண்டாக்கும் குணம் இருக்கிறதா என்று மட்டும்தான் புற்றுநோய் முகமை பார்க்கிறது. எவ்வளவு பட்டால் எவ்வளவு ஆபத்து என்பது அதன் வேலை இல்லை. சிவப்பு இறைச்சியும், 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானமும், உடல் கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப்பணியும் அதே 2ஏ பிரிவில்தான் இருக்கின்றன. அதோடு அந்த முகமை, வெளியான ஆய்வுகளையே பார்த்தது. கடையில் விற்கும் கலவையைத் தொடர்ந்து கையாண்ட தொழிலாளிகளின் நிலையையும் கணக்கில் எடுத்தது. ஒழுங்குமுறை அமைப்புகளோ நிறுவனங்கள் கொடுத்த, வெளியிடப்படாத ஆய்வுகளையும் சேர்த்துக்கொண்டு, தூய கிளைபோசேட் உணவில் வரும் அளவைப் பற்றியே அதிகம் யோசித்தன. இலையில் ஒட்ட வைப்பதற்காகக் கலவையில் சேர்க்கப்படும் துணைப்பொருட்கள் தனிக் கதை. அவற்றில் ஒரு டாலோஅமின் வகையை ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் கிளைபோசேட் கலவைகளிலிருந்தே விலக்கிவிட்டது.

மனிதரிடம் செய்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? அமெரிக்காவில் 54,000-க்கும் மேற்பட்ட மருந்தடிப்பவர்களை நீண்டகாலம் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2018-இல் வந்தது. நிணநீர்ப் புற்றுநோயோடு தெளிவான தொடர்பு எதுவும் அதில் தெரியவில்லை. 2019-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, மிக அதிகமாகப் பட்டவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்து, அவர்களுக்கு அந்தப் புற்றுநோய் ஆபத்து 41 சதவீதம் கூடுதல் என்றது. நீதிமன்றங்கள் தனி வழியில் போயின. 2018-இல் கலிஃபோர்னியாவில் பள்ளித் தோட்டங்களைப் பராமரித்த ஒருவருக்கு 28.9 கோடி டாலர் கொடுக்கச் சொல்லி ஜூரி தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அது 2.05 கோடியாகக் குறைந்தது. மான்சான்டோவை அதே ஆண்டு வாங்கியிருந்த ஜெர்மனியின் பேயர் நிறுவனம், பல்லாயிரம் வழக்குகளை முடிக்க 2020-இல் ஏறக்குறைய 1,000 கோடி டாலர் ஒதுக்கியது. வழக்குகளின்போது வெளியே வந்த மின்னஞ்சல்கள், சில ஆய்வுக் கட்டுரைகள் எழுதப்பட்டதில் நிறுவனத்தின் கை இருந்ததைக் காட்டின. மக்களின் அவநம்பிக்கைக்கு இதுவே போதுமான காரணம் என்பேன். விஷயம் தெரியாமல் பயப்படுகிறார்கள் என்று நிபுணர்கள் சலித்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

இத்தனையிலும் ஒரு விஷயம் மட்டும் இரு தரப்புக்கும் பொது: ஆபத்து என்று ஒன்று இருந்தால் அது முதலில் தெளிப்பவருக்குத்தான், சாப்பிடுபவருக்கு அப்புறம். வயலில் நாள் முழுக்க அடிக்கும் தொழிலாளிக்கு இது பொருந்தும். கையுறை போடாமல், அரைக்கால் சட்டையோடு, அளவு பார்க்காமல் கலக்கி நடைபாதைக் களைக்கு அடிக்கும் வீட்டுக்காரருக்கும் பொருந்தும். ஒரு மாலையில் அவர் தோலில் படுவது உணவு வழியாக வருவதைப் போலப் பல மடங்கு இருக்கலாம். பிரான்ஸ் 2019 ஜனவரி முதல் வீட்டுத் தோட்டக்காரர்களுக்குச் செயற்கைப் பூச்சி, களைக்கொல்லிகளை விற்பதையே நிறுத்தியது இந்தக் கோணத்தில் பார்த்தால் புரியும். பேயர், அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு விற்கும் ரவுண்டப்பில் கிளைபோசேட்டை 2023-இலிருந்து மாற்றத் தொடங்கியது. இதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறவர்கள் லேபிளைப் படிக்க வேண்டும். கிளைபோசேட் இல்லாத கலவைகளில் டைக்வாட், டிரைக்ளோபிர், இமாசாபிக் போன்றவை இருக்கின்றன. டைக்வாட் விழுங்கினால் கிளைபோசேட்டைவிட மோசமானது. ஐரோப்பா 2018-இல் அதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. இமாசாபிக் மண்ணில் மாதக்கணக்கில் தங்கும். "கிளைபோசேட் இல்லை" என்ற வாசகம் ஒரு பொருளைப் பாதுகாப்பானதாக ஆக்கிவிடாது.

எருவோடு வருவது

இப்போது அந்த எரு மூட்டைக்கு வருவோம். வீட்டுத் தோட்டக்காரர் என்ற முறையில் உங்களை நேராகத் தொடக்கூடிய களைக்கொல்லிப் பிரச்சினை இதுதான். இதைப் பற்றி எழுதப்படுவதோ மிகக் குறைவு.

அமினோபைரலிட், குளோபைரலிட், பிக்லோராம் என்று ஒரு குடும்பம் உண்டு. செடியின் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கியைப் போல நடித்து, வளர்ச்சியைத் தாறுமாறாக்கி அகல இலைச் செடிகளைக் கொல்பவை இவை. புல்லை ஒன்றும் செய்யாது. அதனால் மேய்ச்சல் நிலத்திலும், தீவனப்புல் வயலிலும், குளோபைரலிட்டைத் தானிய வயல்களிலும் அடிக்கிறார்கள். மாடோ குதிரையோ அந்தப் புல்லைத் தின்றால் அதற்குக் கெடுதல் இல்லை. பாலூட்டிகளுக்கு நச்சுத்தன்மை குறைவு. உடலில் அதிகம் மாறாமல் சாணத்திலும் சிறுநீரிலும் அப்படியே வெளியேறிவிடும். விலங்குக்கு நல்ல செய்தியான அதே குணம்தான் தோட்டத்துக்குத் தலைவலி. மாறாமல் வெளியேறுவது எருவில் மாறாமல் இருக்கிறது. எருவை மக்க வைத்தாலும் சீக்கிரம் போவதில்லை, ஏனென்றால் புல்லின் நாரோடு ஒட்டிக்கொண்டு அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுபடும். காய்ந்த புல்லை வெயிலும் ஈரமும் படாத கொட்டகையில் சேமித்தால் மூன்று வருடம் கழித்தும் வீரியம் இருந்ததாகத் தெரிகிறது.

எவ்வளவு இருந்தால் பாதிக்கும் என்பதுதான் நம்பக் கடினமானது. நூறு கோடியில் சில பங்கு போதும். இந்த அளவைக் கண்டுபிடிக்கச் சாதாரண மண் பரிசோதனையால் முடியாது. தக்காளி, உருளை, அவரை, பட்டாணி போன்றவை அந்தத் துளியையும் உணர்ந்து சுருண்டுவிடும்.

இது நடந்த கதை. 1999-இலிருந்து 2001 வரை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன், புல்மன் நகரங்களின் மக்கு உரத்தில் குளோபைரலிட் இருந்தது தெரியவந்தது. புல்மனில் சிக்கிக்கொண்டது ஒரு வேளாண் படிப்புக்குப் பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தின் சொந்தக் கம்போஸ்ட். 2008-இல் பிரிட்டனில் ஊர் ஊராகக் காய்கறித் தோட்டங்களில் தக்காளியும் உருளையும் திருகிக்கொண்டு நின்றன. எருவில் அமினோபைரலிட். அந்தக் கோடையில் அதன் விற்பனையை நிறுத்திவைத்தார்கள். பின்னர் கட்டுப்பாடுகளோடு திரும்பவும் அனுமதித்தார்கள். அடிபட்டவர்களில் பலர் வேதிப்பொருளே வேண்டாம் என்று எருவை மட்டும் நம்பியவர்கள். அந்தக் கோபம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அறிகுறியை அடையாளம் காண்பது கஷ்டமில்லை, வேறொன்றோடு குழப்பிக்கொள்ளாவிட்டால். புதுத் தளிர்கள் கிண்ணம்போல் குவியும், அல்லது பெரணி இலைபோல் ஒடுங்கித் திருகும். தண்டு முறுக்கிக்கொள்ளும். காய் பிடிக்காது, பிடித்தாலும் கோணலாக இருக்கும். வைரஸ் தாக்கினாலும் தக்காளி இலை சுருளும். சிலந்திப்பேன் வந்தாலும் சுருளும். வித்தியாசம் பரவும் முறையில். வைரஸ் அங்கொன்று இங்கொன்றாகத் தொடங்கும், பெரும்பாலும் ஒரு பயிரோடு நிற்கும். எருவில் வந்த களைக்கொல்லியோ, எரு போட்ட பாத்தியில் மட்டும், தக்காளி அவரை உருளை எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் பிடிக்கும். பக்கத்தில் முளைத்த புல்லும் சோளமும் மட்டும் கொழுகொழுவென்று நிற்கும்.

வருமுன் கண்டுபிடிக்கவும் எளிய வழி இருக்கிறது, காசும் அதிகம் ஆகாது. சந்தேகமான எருவையோ மக்கு உரத்தையோ சுத்தமான தொட்டி மண்ணோடு சரிபாதி கலந்து மூன்று நான்கு தொட்டிகளில் நிரப்புங்கள். எரு கலக்காத அதே தொட்டி மண்ணில் இன்னும் மூன்று. எல்லாவற்றிலும் அவரை அல்லது பட்டாணி விதையைப் போட்டு, தொட்டிகளின் அடியில் தனித்தனித் தட்டு வையுங்கள், ஒன்றின் தண்ணீர் இன்னொன்றுக்குப் போகாமல். மூன்று அடுக்கு உண்மை இலை வரும்வரை, அதாவது இரண்டு மூன்று வாரம், பார்த்துக்கொண்டிருந்தால் போதும். எரு உள்ள தொட்டிகளில் மட்டும் இலை குவிந்தால் விடை தெரிந்துவிட்டது. ஆய்வகம் தடுமாறும் அளவை ஒரு அவரை விதை காட்டிக் கொடுத்துவிடுகிறது! பொறுமை இல்லாதவர்கள் இந்த மூன்று வாரத்தைச் சேமிக்கப் போய் ஒரு முழுப் பருவத்தை இழக்கிறார்கள்.

விற்பவரிடம் கேட்பதும் அவசியம். ஆனால் கேள்வி சரியாக இருக்க வேண்டும். "இது இயற்கை எருவா" என்று கேட்டால் ஆமாம் என்பார், பொய்யும் இல்லை. மாடு தின்ற புல் எங்கிருந்து வந்தது, அந்த நிலத்தில் கடைசி இரண்டு மூன்று வருடத்தில் அகல இலைக் களைக்கு ஏதாவது அடித்தார்களா என்று கேட்க வேண்டும். தீவனத்தை வெளியே வாங்குகிறவருக்கு அது தெரியாமல் இருக்கலாம். தெரியாது என்பதும் ஒரு பதில்தான்; அப்போது தொட்டிச் சோதனைக்குப் போக வேண்டியதுதான். மூடாக்குக்கு வாங்கும் வைக்கோலுக்கும், அக்கம்பக்கத்துப் புல்தரையில் வெட்டிப் போட்ட புல்லுக்கும் இதே விதி.

ஏற்கெனவே பாத்தியில் போட்டாகிவிட்டதென்றால்? மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள்தான் அதைச் சிதைக்கும், அதற்குக் காற்றும் ஈரமும் சூடும் வேண்டும். எருக் குவியலாக இருப்பதை அள்ளி எடுத்துவிட்டு, மீதியை மண்ணோடு கிளறி, அவ்வப்போது கொத்திவிட்டு, ஒரு பருவமோ இரண்டோ அந்த இடத்தில் சோளம் போன்ற புல்லினப் பயிரை மட்டும் போடலாம். அந்தப் பயிரின் தட்டையைக் கம்போஸ்ட் குழியில் போடாதீர்கள். வட்டம் மறுபடி தொடங்கிவிடும். திரும்பத் தக்காளி நடுமுன் நான்கு அவரை விதை ஊன்றிப் பார்த்துக்கொள்ளலாம்.

காற்றில் வருவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2,4-டியும் டிகாம்பாவும் அடித்த பிறகும் சூட்டில் ஆவியாகி நகரக்கூடியவை. டிகாம்பாவைத் தாங்கும் சோயா பரவிய 2017-இல், தாங்காத சோயா மட்டும் சுமார் 36 லட்சம் ஏக்கரில் பாதிக்கப்பட்டதாக மிசௌரி பல்கலைக்கழகக் கணக்கு. தக்காளியும் திராட்சையும் இந்த விஷயத்தில் தொட்டாற்சுருங்கிகள்தான். பக்கத்தில் வயல் இருந்தால், அடிக்கும் நாளை முன்கூட்டிச் சொல்லச் சொல்லி நல்லபடியாகக் கேட்டு வைத்துக்கொள்வதும், அந்தப் பக்கம் உயரமான வேலி வளர்ப்பதும்தான் நம்மால் ஆகக்கூடியது.

சமையலறைக் களைக்கொல்லி

களைக்கொல்லிக்குப் பயந்தவர்கள் அடுத்து ஓடிப் பிடிப்பது வினிகர், உப்பு, பாத்திரம் கழுவும் சோப்பு என்ற கலவை. இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சாதாரண வினிகரில் அசிட்டிக் அமிலம் 5 சதவீதம். இளங்களையின் இலையைக் கருக்கும். வேர் அப்படியே இருக்கும், பத்து நாளில் துளிர்க்கும். 20 சதவீத வினிகர் நன்றாகக் கருக்கும், கண்ணில் தெறித்தால் கண்ணையும். உப்பு அதைவிடக் கெடுதல். கிளைபோசேட் மண்துகளோடு ஒட்டி, வாரங்களிலோ மாதங்களிலோ சிதைந்துபோகும். உப்பு சிதைய அதில் எதுவுமே இல்லை. மழையோ பாசனமோ அடித்துக்கொண்டு போகும்வரை அங்கேயே கிடந்து மண்ணின் கட்டமைப்பைக் கெடுக்கும். சமையலறையில் இருப்பதால் ஒரு பொருள் மண்ணுக்கு நல்லது என்று ஆகாது. நடைபாதை இடுக்குக்குக் கொதிக்கும் தண்ணீர் போதும்.

பாத்திக்கு? இங்கே களையின் சுபாவம் தெரிந்தால் பாதி வேலை குறையும். மண்ணில் களை விதைகள் வருடக்கணக்கில் உயிரோடு தூங்கும். வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியலாளர் 1879-இல் மிஷிகனில் களை விதைகளை மணலோடு பாட்டில்களில் புதைத்து வைத்தார். அதில் ஒன்றை 2021-இல் தோண்டி எடுத்து விதைத்தபோது, மல்லெயின் என்ற களைச்செடியின் ஒரு வகை நூற்று நாற்பது வருடத் தூக்கத்துக்குப் பிறகும் முளைத்தது. இப்படித் தூங்கும் விதைகளில் பலவற்றுக்கு ஒரு நொடி வெளிச்சமே எழுப்பும் மணி. மண்ணை ஆழமாகப் புரட்டும்போதெல்லாம் நாம் அந்த மணியை அடிக்கிறோம். ஆழக் கொத்துவதைக் குறைத்து, 5 முதல் 10 சென்டிமீட்டர் மூடாக்குப் போட்டாலே விதைக் களைகளில் பெரும்பகுதி எழாது. விதைப்பதற்கு முன் பாத்தியைத் தயார்செய்து, தண்ணீர் விட்டு, முதல் களைக்கூட்டத்தை முளைக்க விட்டு, மேலாகச் சுரண்டி எடுத்துவிட்டு அப்புறம் விதைப்பது இன்னொரு நல்ல தந்திரம். சுரண்டும்போது ஆழம் போகக் கூடாது, போனால் அடுத்த கூட்டத்தை நாமே கூப்பிட்டதாகிவிடும். வெயில் கொளுத்தும் மாதத்தில், ஈரமான பாத்தியைத் தெளிந்த பிளாஸ்டிக் தாளால் நான்கு முதல் ஆறு வாரம் மூடிவைப்பதும் மேல்மண்ணில் உள்ள விதைகளை வேகவைத்துவிடும். கறுப்புத் தாளைவிடத் தெளிந்த தாளுக்கு அடியில்தான் மண் அதிகம் சூடாகும்.

இதற்கெல்லாம் அடங்காதவை இரண்டு: அருகும் கோரையும். களைக்கொல்லியை வெறுப்பவர்களையும் ஒரு நாள் கடைப் பக்கம் பார்க்க வைப்பவை இவைதான். அருகுக்குக் கிளைபோசேட் வேலை செய்யும் என்பதை மறுக்க முடியாது. பாத்தியில் பயிரே இல்லாத காலத்தில், கையுறையோடு, அந்த இடத்தில் மட்டும் தடவி, லேபிளில் சொன்ன இடைவெளி விட்டு நடுகிறவரை நான் குற்றவாளி என்று சொல்ல மாட்டேன். நானாக இருந்தால் செய்ய மாட்டேன். கடப்பாரையால் கிளறித் தண்டு வேர்களைக் கையால் பொறுக்கி வெயிலில் காயப்போட்டு, பாத்தி ஓரத்தில் தகடு இறக்கினால் அருகு கட்டுக்குள் வந்துவிடும்.

கோரையிடம் அந்த மருந்தும் தோற்கும். தரைக்குக் கீழே கிழங்குகள் சரம்சரமாக இருக்கும். தூங்கிக்கொண்டிருக்கும் கிழங்குக்கு இலையில் அடித்தது போய்ச் சேராது. தலையைப் பிடுங்கினால் அடுத்த கிழங்கு எழும்பும். அதனால் சலித்து விடுகிறவர்கள் அதிகம். ஆனால் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் கிழங்கு தன் சேமிப்பைச் செலவழிக்கிறது. ஐந்தாறு இலை விடுவதற்குள், அதாவது புதுக் கிழங்கு கட்டத் தொடங்கும் முன், கிழங்கோடு கெல்லி எடுக்க வேண்டும். பெரும்பாலான கிழங்குகள் மேல் 15 சென்டிமீட்டரில்தான் இருக்கும், எட்டாத ஆழமில்லை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, இடைவிடாமல், இரண்டு பருவம். கூடவே அந்த இடத்தில் அடர்ந்து படரும் பயிரைப் போடுங்கள். கோரைக்கு நிழல் ஆகாது.